பரதேசிக்கு ஒரு படுக்கை

திருவனந்தபுரம்–மதுரை அமிர்தா விரைவு ரயில் 2025 அக்டோபரிலிருந்து இராமேசுவரம் வரை ஓடுகிறது. தம்பானூரில் இரவு ஏறும் பயணி மறுநாள் நண்பகலை ஒட்டித் தீவில் இறங்கலாம். வழி நேர்வழி அன்று. வடக்கே பாலக்காடு வரை போய், பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் என்று கிழக்கே வளைந்து, மதுரையைத் தொட்டுத் தென்கிழக்காகக் கடலுக்குப் போகிறது. நிலப்படத்தில் பார்த்தால் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது போன்ற பாதைதான். ஆயினும் கைப்பணம் குறைந்தவருக்கு வண்டி மாறாத ஒரே இரவுப் பயணம் என்பது பெரிய வசதி. நாகர்கோவில் வடசேரியில் ஒரு பேருந்து, திருநெல்வேலியில் இன்னொன்று, இராமநாதபுரத்தில் மற்றொன்று என்று மூட்டையோடு இறங்கி ஏறியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இந்த நீட்டிப்பைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை புதிய பாம்பன் பாலத்தைப் பற்றியே பேசின. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட அப்பாலம் பேசத் தக்கதுதான். 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே உயர்ந்து கப்பலுக்கு வழிவிடுகிறது. ஆனால் பாலம் தீர்த்துவைப்பது கடலைக் கடக்கும் சிக்கலை மட்டுமே. கடந்த பிறகு இரவு எங்கே தலைசாய்ப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அமிர்தா ரயிலின் கால அட்டவணையே அக்கேள்வியை எழுப்புகிறது. நண்பகலில் வந்து சேரும் வண்டி பிற்பகல் தொடக்கத்திலேயே திரும்பப் புறப்பட்டுவிடுவதால், அதில் வந்தவர் அன்றே அதில் திரும்ப முடியாது. ஓர் இரவாவது தங்கியாக வேண்டும். ஏழைப் பயணியைத் தீவுக்குள் கொண்டுவந்து விடும் அரசு, அந்த ஓர் இரவை லாட்ஜ் முதலாளியின் கருணைக்கு விட்டுவிடுகிறது.

இது புதிய சிக்கல் போலத் தோன்றலாம். இத்தீவின் ஊர்ப்பெயர்களைப் படித்தால் அப்படித் தோன்றாது. நிலப்பகுதியின் கடைசி ஊர் மண்டபம். பாம்பனைக் கடந்து தீவுக்குள் போனால் அக்காள்மடம், பிறகு தங்கச்சிமடம். இராமேசுவரத்தைத் தாண்டித் தனுஷ்கோடி போகும் வழியில் முகுந்தராயர் சத்திரம். இராமநாதபுரத்துக்கு முன்னால், பரமக்குடிச் சாலையில் சத்திரக்குடி. ஆறும் மலையும் மரமும் ஊர்ப்பெயராவது எங்கும் உள்ளது. இங்கோ தங்குமிடங்களே ஊர்ப்பெயர்களாகியுள்ளன. மடம் முதலில் எழுந்தது, ஊர் அதைச் சுற்றிப் பிறகு வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பேருந்தில் நடத்துநர் “தங்கச்சிமடம் எறங்கு” என்று கூவும்போது, மடத்தை நினைத்து எவரும் இறங்குவதில்லை. பெயர் இருக்கிறது, பொருள் இறங்கிப் போய்விட்டது.

பொருள் இறங்கிப் போன சொற்கள் இன்னும் உண்டு. ‘பரதேசி’ என்பதற்குச் சொற்பொருள் பிற தேசத்தவர் என்பதே. யாத்திரை போகிறவரையும் துறவியையும் அது மதிப்போடு குறித்த காலம் உண்டு. இன்று தமிழில் அது வசை. மலையாளத்தில் அப்படி முழுவதும் தாழவில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த யூதத் தொழுகைக்கூடத்துக்குப் பரதேசி என்பதே பெயர். திருவிதாங்கூரில் தமிழ்ப் பிராமணர்களைப் பரதேசிகள் என்றபோதும் வெளியூரார் என்பதற்கு மேல் அதில் இழிவு இல்லை. தம்பானூர் நடைமேடையில் நிற்கும் ஒருவரை ஒரே சொல்லால் மலையாளி வெளியூராராகவும் தமிழர் பிச்சைக்காரராகவும் ஆக்கிவிட முடியும். ‘வழிப்போக்கர்’ என்பதும் அப்படித்தான். வழியில் போகிறவர் என்ற நேர்பொருள் தேய்ந்து, பொருட்படுத்தத் தேவையில்லாதவர் என்று ஆகிவிட்டது. ‘இது வீடா, சத்திரமா?’ என்று பிள்ளைகளைக் கடியும் தாய்மாருக்குச் சத்திரம் என்றால் ஒழுங்கின்மை.

இதற்கு எதிர்த்திசையில் உயர்ந்த சொல் ஒன்றும் உண்டு. முசாபரி பங்களா. முசாபர் என்றாலும் வழிப்போக்கர்தான், அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்த சொல். ஆனால் அந்தப் பங்களாவில் தங்கியவர் துரை, பின்னர் அதிகாரி. எனவே சொல் தாழவில்லை. சொற்பொருள் இழிபு பற்றிப் பாடநூல்கள் உளவியல் காரணங்களை அடுக்குவது வழக்கம். இங்கே காரணம் எளியது. எந்தப் பயணியிடம் காசில்லையோ அவரைக் குறித்த சொல் இழிந்தது.

‘சத்திரத்துச் சாப்பாட்டுக்குத் தாத்தய்யங்கார் உத்தரவா?’ என்றொரு பழமொழி வழங்குகிறது. தருமச் சோறு உண்பதற்கு நடுவில் நிற்பவரின் அனுமதி எதற்கு என்பது அதன் கருத்து. கிண்டலாகச் சொல்லப்படுவதுதான். ஆனால் அதற்குள் ஓர் உரிமைக் கொள்கை பொதிந்திருக்கிறது. வந்தவர் பசியோடு வந்தார் என்பதே தகுதி. இன்று தீவில் தனியாளாக அறை கேட்பவர் எதிர்கொள்வது அடுக்கடுக்கான தாத்தய்யங்கார்களை. குடும்பமாக வந்திருக்கிறீர்களா, இணையத்தில் முன்பதிவு உண்டா, எந்தச் சமூகம், யார் சிபாரிசு. தனியாக வரும் பெண்ணுக்கு அறையில்லை என்று சொல்லும் விடுதிகள் தமிழகத்தின் தலங்களில் அரிதல்ல. தனியாக வரும் இளைஞருக்கும் அவ்வளவு எளிதாகக் கதவு திறப்பதில்லை.

சேதுவழிச் சத்திரங்களைப் பற்றிய சான்றுகளில் மிக விரிவானது ஒரு மன்னரின் கடிதம். தஞ்சை மராட்டிய அரசர் இரண்டாம் சரபோசி 1801இல் அங்கிருந்த கும்பினி அதிகாரி பெஞ்சமின் டோரினுக்கு எழுதியது. ஆட்சி அதற்கு இரண்டாண்டு முன்பே கும்பினியின் கைக்குப் போய்விட்டது. இராமேசுவரம் போகும் சாலையில் தம் முன்னோர் கட்டிய சத்திரங்களையாவது விட்டுவைக்க வேண்டும் என்று அரசர் வாதாடுகிறார். பிராமணர் முதல் பறையர் வரை வருகிற எல்லாருக்கும் சோறு உண்டு, சமைத்ததை ஏற்காதவருக்கு அரிசியும் பண்டமும் அளந்து தரப்படும், நள்ளிரவில் மணியடித்து இன்னும் உண்ணாதவர்களைக் கூப்பிடுவார்கள், நோயுற்றவர் நலமாகும்வரை பார்த்துக்கொள்ளப்படுவர் என்றெல்லாம் விவரிக்கிறார். ஆட்சியை இழந்த ஒருவர் எதை இழக்கக் கூடாது என்று நினைத்தார் என்பதற்காகவே அக்கடிதத்தைப் படிக்கலாம். நள்ளிரவு மணி என்பது நிர்வாக நுணுக்கம். தாமதமாக வந்தவர் கேட்கக் கூசுவார் என்று தெரிந்த ஒருவர் வகுத்த விதி அது.

இதை வைத்துப் பொற்காலக் கனவு காண்பது பிழை. எல்லாருக்கும் சோறு என்பது வேறு, ஒரே பந்தி என்பது வேறு. பிராமணர் முதல் பறையர் வரை என்ற வரிசையே படிக்கட்டைக் காட்டிக்கொடுக்கிறது. திருவிதாங்கூரின் ஊட்டுப்புரைகள் இன்னும் வெளிப்படையானவை, அரசுச் செலவில் பிராமணருக்குச் சோறிட்டவை. தம்பானூருக்குச் சற்றுத் தொலைவிலுள்ள பத்மநாபசுவாமி கோயிலுக்குள் அனைத்து இந்துக்களும் நுழைய 1936 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சத்திரத்தின் வாசல் அகலமாக இருந்திருக்கலாம். உள்ளே தாழ்வாரங்கள் பிரிந்தே கிடந்தன. இன்றும் தீவில் எஞ்சியுள்ள மடங்களும் தரும சாலைகளும் பல, சாதி சார்ந்தோ மாநிலம் சார்ந்தோ கட்டப்பட்டவை. அந்தந்தச் சமூகத்தார் தம்மவருக்காகக் கட்டியதைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் எந்தச் சமூகத்தின் சங்கமும் தமக்கென மடம் கட்டியிராத ஒருவர், இலவசத் தங்குமிடங்கள் நிறைந்த ஊரில் தங்க இடமின்றி நிற்கிறார்.

சத்திரம் செய்யாததை ஒரு வகையில் மூன்றாம் வகுப்புப் பெட்டி செய்தது. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை போட் மெயில் ஓடியது. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், பிறகு கொழும்பு. அந்தப் பெட்டியில் இடநெருக்கடி சாதி கேட்கவில்லை. பெட்டியின் இழிநிலையைக் காந்தி 1917இல் தனிச் சிறுநூலாகவே எழுதினார். அழுக்கும் நெரிசலும் அவர் சொன்னபடியே இருந்தன. ஆயினும் சீட்டு வாங்கியவர் எவராயினும் ஏறலாம் என்ற ஒற்றை விதி, சேதுவழியின் பல நூற்றாண்டு வழக்கத்தைவிடச் சமமானது. 1974இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் போயிற்று. அதன் வாரிசான முன்பதிவில்லாப் பெட்டிகளை எத்தனை சேர்க்கிறார்கள், எத்தனை குறைக்கிறார்கள் என்பதே ஒரு ரயில் யாருக்கானது என்பதைக் காட்டும் அளவுகோல். பாலத்தின் எடையைச் செய்தியாக்கியவர்கள் அதையும் எண்ணிச் சொல்லியிருக்கலாம்.

பாலம் இல்லாதுபோனால் யார் வருந்துகிறார்கள் என்பதும் நினைவிலிருக்க வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர் ரயிலை அலை கொண்டுபோனது. நூற்றுக்கு மேற்பட்டோர் அதில் மாண்டனர். சிதைந்த பாலத்தை 46 நாளில் சீர்செய்த குழுவின் தலைமையில் இருந்தவர் இளம் பொறியாளரான இ. ஸ்ரீதரன், பாலக்காட்டுக்காரர். பழைய பாலம் பலவீனமடைந்து 2022 டிசம்பரில் ரயில் நின்றபோது, காரில் வருபவருக்கு ஒன்றும் ஆகவில்லை. 1988 முதல் சாலைப் பாலம் இருக்கிறது. மூட்டைமுடிச்சோடு நிலப்பகுதியிலேயே இறங்கிப் பேருந்து பிடித்தவர்கள் ரயிலை நம்பியவர்கள். இரண்டே கால் ஆண்டு அது நீடித்தது.

உலகின் பிற பகுதிகளில் இத்தகைய ஊர்களைக் கடலின் ஏற்றவற்றம் ஆள்கிறது. பிரான்சின் மோன் சான் மிஷேலில் நீர்மட்டம் பதினான்கு மீட்டர் வரை ஏறி இறங்கும். இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகும் சாலை நாளுக்கு இருமுறை நீரில் மூழ்கும். பாக் நீரிணையில் ஏற்றம் ஒரு மீட்டரைக் கூடத் தொடுவதில்லை. இங்கே அந்த வேலையைக் காற்று செய்கிறது. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காது. கடக்க முடியாத நேரம் என்று ஒன்று இருக்குமானால், காத்திருப்பவருக்கு ஓர் இடமும் வேண்டும் என்பது இயல்பான அறிவு. லிண்டிஸ்ஃபார்னில் நீர் சூழ்ந்துகொண்டால் ஏறி ஒதுங்குவதற்குச் சாலையோரத்தில் தூண்கள்மேல் சிறு கூண்டு ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். மோன் சான் மிஷேலில் கார் நிறுத்தக் காசு, அதுவும் நிறையவே. ஆனால் 2014இல் திறந்த புதிய பாலத்தின்மேல் நடந்துபோவதற்குக் காசில்லை, நிறுத்துமிடத்திலிருந்து ஓடும் சிற்றுந்துக்கும் காசில்லை. சுமை யார்மேல் விழ வேண்டும் என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்திருக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது தெரிந்ததே. தீவு சிறியது, பவளப்பாறையும் மணலுமாக நொய்ந்தது, ஏற்கெனவே கூட்டம் தாங்கவில்லை, இன்னும் மலிவாக்கினால் குப்பையும் கூட்டமும் பெருகும், ‘தரமான சுற்றுலா’வே தேவை என்பார்கள். இதில் முதல் பாதி உண்மை. கோயிலின் 22 தீர்த்தக் கிணறுகளில் அருகருகே உள்ள இரண்டில் உப்பின் சுவை வேறுபடுகிறது என்றால், நன்னீர் எவ்வளவு மெல்லிய அடுக்காக அந்த மணலில் மிதக்கிறது என்பதை ஊகிக்கலாம். இரண்டாம் பாதிதான் பொருந்தவில்லை. ரயிலில் வந்து, நடந்தோ நகரப் பேருந்திலோ போய், பொதுக்கூடத்தில் படுத்து, தேநீர்க் கடையில் இட்லி தின்று திரும்புபவர், குளிரூட்டிய அறையில் ஷவரில் குளித்து, காரில் அரிச்சல்முனை வரை போய்த் திரும்புபவரைவிட எவ்வளவு நீர் செலவழிப்பார், எவ்வளவு இடம் அடைப்பார்? பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்தித் தற்படம் எடுப்பவர்கள் பேருந்துப் பயணிகள் அல்லர். நெரிசலைக் குறைப்பது நோக்கமானால் காரைப் பாம்பனுக்கு அப்பால் நிறுத்தச் சொல்லலாம். ஏழையைக் குறைத்தால் நெரிசல் குறையும் என்பது எந்தக் கணக்கு?

தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்கள் காசின்றிப் போகிறார்கள். கோயிலில் அன்னதானம் உண்டு. கடலில் முழுகக் கட்டணமில்லை. ஆகப் போக்கும் சோறும் ஓரளவு பொதுவாகிவிட்ட ஊரில் உறக்கம் மட்டும் தனியார் சரக்காக நிற்கிறது. கோயில் நிர்வாகத்துக்கும் தங்கும் அறைகள் உண்டு. சிக்கல் ‘அறை’ என்ற அலகில் இருக்கிறது. அறை குடும்பத்தைக் கணக்கிட்டுப் பிறந்தது, இருவருக்கோ நால்வருக்கோ. தனியாளுக்கு வேண்டியது படுக்கை, ஒரு பூட்டுப்பெட்டி, சுத்தமான கழிப்பறை. ஸ்பெயினின் சந்தியாகோ யாத்திரைப் பாதையில் ஊராட்சிகளும் மாகாண அரசும் நடத்தும் பொது விடுதிகள் இந்த அலகில்தான் இயங்குகின்றன. நடந்து வந்ததற்கு முத்திரை பதித்த ஓர் அட்டை போதும், படுக்கை கிடைக்கும். மதம் கேட்பதில்லை.

ஸ்பெயின் வரை போகவும் தேவையில்லை. தம்பானூர் பேருந்து முனையக் கட்டடத்தின் மேல்தளத்தில் கேரள அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டுத் துறை 2018இல் ‘என்டெ கூடு’ என்ற இரவுத் தங்குமிடத்தைத் தொடங்கியது. நேர்காணலுக்கோ தேர்வுக்கோ மருத்துவமனைக்கோ நகரத்துக்கு வந்து இரவில் சிக்கிக்கொள்ளும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாலையிலிருந்து காலைவரை கட்டணமில்லை. பேருந்திலிருந்து இறங்கி மின்தூக்கியில் ஏறினால் போதும் என்ற அமைவிடமே அதன் சிறப்பு. அதே வளாகத்தை ஒட்டி லாரி பேக்கர் கட்டிய செங்கல் சுருள், இந்தியன் காபி ஹவுஸ். சரிவுத் தளம் மேலே மேலே சுழன்று போக, மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு சேர்த்தே வார்க்கப்பட்டவை, சுவரின் துளைகள் வழியே காற்று வரும். மலிவாகக் கட்டுவது வேறு, மட்டமாகக் கட்டுவது வேறு என்பதைத் தம்பானூருக்கு வந்திறங்கும் எவரும் ஒரு காபி விலையில் தெரிந்துகொள்ளலாம். மலிவு விடுதி என்றதும் மூட்டைப்பூச்சியை நினைப்பவர்கள் அந்தச் சுருளில் ஒருமுறை ஏறி இறங்குவது நல்லது.

இராமேசுவரம் ரயில் நிலையத்தை இப்போது பெரும் பொருட்செலவில் புதுப்பிக்கிறார்கள். அங்கே கடைகளுக்கும் வாகன நிறுத்தத்துக்கும் இடம் ஒதுக்குவதில் யாருக்கும் தயக்கம் இருக்காது. பெண்களுக்கு ஐம்பது, ஆண்களுக்கு ஐம்பது என்று நூறு படுக்கைகள் கொண்ட கூடம் ஒன்றுக்கும் அங்கே இடம் வேண்டும். பாலினம் இரண்டில் அடங்காதவருக்கும் அதில் மரியாதையான ஏற்பாடு வேண்டும். ரயில்வே கட்டித் தரட்டும், நகராட்சி நடத்தட்டும். ஒருவருக்கு ஓர் இரவு, தேவையெனில் இரண்டு. அடையாள அட்டை கேட்கலாம், உடன் வந்தவர் யார் என்று கேட்கக் கூடாது. சிறு கட்டணம் வாங்குவதிலும் தவறில்லை, இலவசம் என்றால் பராமரிப்புக்கு நிதி தேடுவது நின்றுபோகும் என்ற அச்சம் நியாயமானது. கட்டணம் அமிர்தா ரயிலின் முன்பதிவில்லாச் சீட்டு விலையைத் தாண்டாமல் இருந்தால் சரி.

ஆய்வு மாணவர்களுக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். தீவின் மொழிவழக்கு, மீனவர் கலைச்சொற்கள், கல்வெட்டு, கடல்சூழல் என்று எதை ஆராய்ந்தாலும் களத்தில் பல இரவுகள் தங்கியாக வேண்டும். உதவித்தொகை காலம் தாழ்ந்து வரும் மாதங்களில் களப்பணியே சுருங்கிவிடுகிறது. மூன்று நாள் கேட்டிருக்க வேண்டிய பேச்சை ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்துகொண்டு மாலை வண்டிக்கு ஓடுகிறார்கள். பாம்பன், தங்கச்சிமடம் கரைகளில் வலை பிரிப்பவர்கள் வாய்திறந்து பேசுவது பெரும்பாலும் விடியற்காலையில், படகுகள் திரும்பிய பிறகு. நண்பகலில் வந்து சேரும் ரயிலில் போய் அந்தப் பேச்சைப் பதிவுசெய்ய, முந்தைய இரவு ஊரில் இருந்தாக வேண்டும்.